ஏழு நைட்ல ஏதென்ஸ், சான்டோரினி, கிரீட் மூணுமா? கிரீட்ல பாதி போதும்

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: மே கடைசில நான், வீட்டுக்காரர், 8 வயசுப் பொண்ணு, முட்டி வலி இருக்கிற மாமியார்னு நாலு பேர் கிரீஸ் போறோம், மொத்தம் ஏழு நைட். ஏதென்ஸ், அப்புறம் சான்டோரினி, கிரீட்னு ரெண்டு தீவு, மூணும் கவர் பண்ணலாமா, கார் எடுக்கணுமா, நாங்க சுத்த சைவம் சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

மூணையும் தொட்டுட்டு வந்துடலாம்ங்க, ஆனா பாதி லீவு பெட்டி கட்டுறதுலயும் துறைமுகத்துல காத்துக்கிடக்குறதுலயும் போயிடும். கிரீட்ல இருந்து சான்டோரினிக்கு ஃபாஸ்ட் ஃபெர்ரி ரெண்டு மணி நேரம்தான்னு நெட்ல பார்த்திருப்பீங்க, அது கடல்ல போற நேரம் மட்டும், ரூம் காலி பண்ணி டாக்ஸி பிடிச்சு துறைமுகம் போய் வெயில்ல நின்னு அங்க இறங்கி மறுபடி மேல ஏறிப் போறதுக்குள்ள ஒரு பகல் காலி. காத்து பலமா அடிச்சா ஃபெர்ரி கேன்சலே ஆகும். அதுவும் போக சான்டோரினி போட்டோல வர்ற அந்த வெள்ளை வீடு, நீல டோம் எல்லாம் மலை விளிம்புல இருக்கு, முழுக்க படிக்கட்டு. மாமியார் முட்டியை நினைச்சுப் பாருங்க.

கிரீட்டை மட்டும் வச்சுக்கோங்க. அதையும் முழுசா சுத்தணும்னு ஆசைப்படாதீங்க, கிழக்கு மேற்கா கிட்டத்தட்ட 260 கிலோமீட்டர் நீளம், நடுவுல 2,400 மீட்டருக்கு மேல போற மலைங்க. மேற்குல இருக்கிற கானியா ஊர்ல இருந்து நடுவுல இருக்கிற ஹெராக்லியோன் ஊர் 140 கிலோமீட்டர்தான், ஆனா ரெண்டு, ரெண்டரை மணி நேரம் ஆகும். அதனால கிழக்குல இருக்கிற வாய் பனைக்காடு, லசிதி பீடபூமி எல்லாத்தையும் இந்த தடவை விட்டுடுங்க. ஏதென்ஸ் போய் அங்க இருந்து உள்ளூர் ஃப்ளைட்ல கானியா, ஒரு மணி நேரம் கூட இல்ல. அஞ்சு நைட் கானியா, கடைசி ரெண்டு நைட் ஹெராக்லியோன், திரும்புற ஃப்ளைட்டை அங்க இருந்தே போடுங்க. காரை ஒரு ஊர்ல எடுத்து இன்னொரு ஊர்ல விடுறதுக்கு சில கம்பெனி தனி சார்ஜ் போடுவாங்க, புக் பண்ணும்போதே கேட்டுடுங்க.

கானியால பழைய டவுன்ல, வெனிஸ்காரங்க கட்டின துறைமுகத்தை ஒட்டி ரூம் போடத்தான் எல்லாருக்கும் ஆசை, அழகும் அங்கதான். ஆனா அந்த பழைய வீட்டு ஹோட்டல்ல பலதுல லிஃப்ட் கிடையாது, படி செங்குத்தா இருக்கும், நிறைய சந்துல கார் நுழையாது, கல் பாவின தரைல பெட்டியை உருட்டிட்டு போகணும். நியா ஹோரா ஏரியா பாருங்க, மணல் பீச் வாசல்லயே, குழந்தை நிக்கிற அளவு ஆழம், பழைய டவுனுக்கு கடற்கரையோரமாவே நடந்து போயிடலாம். லிஃப்ட் இருக்கா இல்ல கிரவுண்ட் ஃப்ளோர் கிடைக்குமான்னு மெயில் போட்டு கேட்டுட்டு அப்புறம் பணம் கட்டுங்க.

பீச்னா எலஃபோனிசிக்கு ஒரு முழு நாள். கானியால இருந்து சுமார் 75 கிலோமீட்டர், மலை ரோடு, ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், முழங்கால் தண்ணில நடந்து எதிர்த்த திட்டுக்குப் போயிடலாம், பொண்ணுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. மணல் அங்கங்க லேசா ரோஸ் கலர்ல இருக்கும், நெட்ல வர்ற அளவுக்கெல்லாம் இல்ல, அதை அள்ளிட்டு வரவும் தடை. காலைல ஒன்பதுக்குள்ள போயிடுங்க, பதினொண்ணுக்கு மேல பஸ் பஸ்ஸா வந்து இறங்குவாங்க. பாலோஸ் பீச் போகணும்னா காரை எடுக்காதீங்க, கடைசி எட்டு கிலோமீட்டர் கிட்ட மண் ரோடு, அங்க டயரோ அடிப்பாகமோ போச்சுன்னா வாடகை கார் இன்சூரன்ஸ் பெரும்பாலும் கொடுக்காது, பார்க்கிங்ல இருந்து பீச்சுக்கு செங்குத்தா இறங்கி திரும்ப ஏறணும் வேற. கிசாமோஸ் துறைமுகத்துல இருந்து படகுல போறதுதான் உங்களுக்கு சரி. மே கடைசில கடல் 20 டிகிரி ஒட்டித்தான் இருக்கும், நமக்கு முதல்ல விறுவிறுன்னு குளிரும், குழந்தைங்க பத்து நிமிஷத்துல பழகிடுவாங்க, நாமதான் துண்டைப் போர்த்திட்டு உக்காந்திருப்போம். சமரியா பள்ளத்தாக்கு நடை 16 கிலோமீட்டர், உங்க குழுவுக்கு வேண்டாம்.

கார் எடுங்க, தாராளமா. பெரிய ஊருக்குள்ள போக பஸ்ஸே நல்லா இருக்கு, ஆனா வயசானவங்களையும் குழந்தையையும் கூட்டிட்டு பீச்சுக்கு கார் இல்லாம கஷ்டம். நம்ம ஊர் லைசென்ஸ் மட்டும் பத்தாது, ஆர்டிஓல இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வாங்கிடுங்க, ஒரு வருஷம் செல்லும். வண்டி வலது பக்கம் ஓட்டணும். அங்க கியர் வண்டிதான் அதிகம், வீட்டுக்காரருக்கு ஆட்டோமேட்டிக் வேணும்னா முன்னாடியே புக் பண்ணுங்க, டெபாசிட்டுக்கு ஓட்டுறவர் பேர்லயே கிரெடிட் கார்டு கேப்பாங்க. பொண்ணுக்கு பூஸ்டர் சீட்டும் சொல்லிடுங்க. வடக்கு ஹைவேல மெதுவா போற வண்டியெல்லாம் ஓரத்துல ஏறி பின்னாடி வர்றவனுக்கு வழி விடுவாங்க, உங்களையும் அப்படி ஒதுங்கச் சொல்லி ஒட்டிட்டு வருவான், வளைவுல மட்டும் ஒதுங்காதீங்க, முன்னாடி எவனாவது நிறுத்தி வச்சிருப்பான்.

ஹெராக்லியோன்ல க்னோசோஸ் அரண்மனை, ஊர்ல இருந்து 5 கிலோமீட்டர். நிழல் ரொம்ப கம்மி, திறந்த உடனே போயிடுங்க. 1900ல ஆர்தர் எவன்ஸ்ங்கிற இங்கிலாந்து தொல்லியல் ஆய்வாளர் தோண்ட ஆரம்பிச்சு, பல இடத்துல கான்கிரீட் ஊத்தி தன் கற்பனைக்கு கட்டிட்டார், அந்த சிவப்புத் தூணெல்லாம் அவர் காலத்து வேலை. அங்க இருந்து எடுத்த ஒரிஜினல் ஓவியங்கள் ஊருக்குள்ள மியூசியத்துல, மதியம் ஏசில நிதானமா பாருங்க. பொண்ணுக்கு மினோட்டார் கதையை (இந்த அரண்மனையோட சேர்த்துச் சொல்ற, காளைத் தலை அரக்கன் புராணம்) ஃப்ளைட்லயே சொல்லிடுங்க, அப்புறம் அவளே உங்களை இழுத்துட்டு போவா.

விசாவுக்கு ஷெங்கன், ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், கோடைல ஸ்லாட் கிடைக்கிறது பெரும்பாடு, மார்ச்லயே பார்த்துடுங்க. பெரியவங்களுக்கு 90 யூரோ, பொண்ணுக்கு 45, சர்வீஸ் சார்ஜ் தனி. 30,000 யூரோ கவர் உள்ள மெடிக்கல் இன்சூரன்ஸ் கட்டாயம், மாமியாருக்கு ஏற்கனவே உள்ள வியாதிக்கும் சேருமான்னு படிச்சுப் பாருங்க.

சாப்பாட்டுக்கு நீங்க பயப்படுற அளவுக்கு இல்ல, ஆர்த்தடாக்ஸ் சர்ச் விரதம் வருஷத்துல பாதி நாள் கிட்ட வரும், அதனால கறி இல்லாத சமையல் அவங்களுக்கு வீட்டுப் பழக்கம். பார்லி ரஸ்க் மேல தக்காளியும் சீஸும் போட்ட டாக்கோஸ், பெரிய பீன்ஸ் போட்ட கிகாந்தெஸ், வேகவச்ச கீரை ஹோர்த்தா, மஞ்சப் பட்டாணில மசிச்ச ஃபாவா (நம்ம பருப்பு மாதிரியே, மாமியாருக்குப் பிடிக்கும்), கானியால உருளையும் சுரைக்காய் மாதிரி சுக்கினியும் சேர்த்த பூரெகி. ஆனா விரத சாப்பாடுன்னு சொன்னா கணவாயும் இறாலும் அதுல சேர்த்தி, ஏமாந்துடாதீங்க. அரிசி அடைச்ச தக்காளி, திராட்சை இலை உருண்டை ரெண்டுலயும் சில கடைல கொத்துக்கறி இருக்கும். "ஹொரிஸ் க்ரேயாஸ், ஹொரிஸ் ப்ஸாரி"ன்னு சொல்லுங்க, கறி இல்லாம மீன் இல்லாமன்னு அர்த்தம். சுத்த சைவம்னா சீஸ்லயும் ஒண்ணு இருக்கு, அங்க பாரம்பரியமா பால் உறைய வைக்க ஆட்டுக்குட்டி வயித்து ரென்னட் சேர்ப்பாங்க, அது ஆகாதுன்னா டாக்கோஸை சீஸ் இல்லாம கேளுங்க, போட்டுத் தருவாங்க. பில்லோட பழமும் ஒரு சின்ன பாட்டில் ராக்கியும் (உள்ளூர் சாராயம்) ஓசில வைப்பாங்க, பார்க்க பச்சைத் தண்ணி மாதிரியே இருக்கும், பொண்ணு கைக்கு எட்டாம தள்ளி வைங்க, கார் ஓட்டுறவரும் பழத்தோட நிறுத்திக்கட்டும்.