பிராகில் கடைசி நாள்: அலையாமல் பழைய நகரைப் பார்க்க

கேள்வி: அப்பா, அம்மாவோடு பிராக் போகிறோம். கடைசி நாள் காலை 11 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். விமானம் இரவு 9 மணிக்கு. கோட்டையை முந்தின நாளே பார்த்துவிடுவோம். பழைய நகரை அலைச்சல் இல்லாமல் பார்க்க வழி உண்டா?

பதில்: அறையைக் காலி செய்வதற்கு முந்தைய நேரத்தை வீணாக்காதீர்கள். காலை 7 மணிக்கே சார்லஸ் பாலத்துக்குப் போய்விடுங்கள். 1357இல் கட்டத் தொடங்கிய பாலம், 516 மீட்டர் நீளம். இருபுறமும் உள்ள 30 சிலைகளை நின்று பார்க்க அப்போதுதான் இடம் கிடைக்கும். பிறகு சாப்பிட்டுவிட்டு, பெட்டிகளை ஹோட்டல் வரவேற்பிலேயே வைத்துவிடுங்கள். மறுத்தால் பிரதான ரயில் நிலையத்தில் லாக்கர் இருக்கிறது.

அதற்கப்புறம் ஆற்றைக் கடக்க வேண்டாம்; பழைய நகரச் சதுக்கமே போதும். 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம் அங்கேதான். மணி அடிக்கும்போது 12 திருத்தூதர் பொம்மைகள் ஜன்னலில் வந்துபோகும், சேவல் கூவும், முடிந்தது. அதற்குத்தான் அவ்வளவு கூட்டம்! கூட்டம் கலைந்ததும் போய் முகப்பைப் பாருங்கள். வெளி வளையம் பழைய செக் நேரம்: சூரியன் மறையும்போது நாள் முடிந்து, அடுத்த 24 மணி எண்ணிக்கை தொடங்கும். அஸ்தமன நேரம் மாறமாற அந்த வளையமும் நகரும். உள்ளே ராசி வளையத்தில் சூரியன் நிற்கும் ராசி தெரியும். அப்பா பஞ்சாங்கம் பார்ப்பவர் என்றால் கணக்கு இடிக்கிறதே என்பார். அது சாயன முறை, அதாவது நட்சத்திரங்களை வைத்து அல்லாமல், பகலும் இரவும் சமமாகும் நாளை வைத்து ராசியை எண்ணுவது. மேஷம் அங்கே மார்ச் 21 வாக்கில் பிறந்துவிடும், நமக்குச் சித்திரை ஒன்றில்தான்.

கடிகாரம் இருக்கும் பழைய நகர மன்றக் கோபுரத்தில் லிஃப்ட் உண்டு, மூட்டுவலிக்காரர்களும் மேலே போகலாம். கீழே தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். 1621 ஜூன் 21 அன்று அங்கே கொல்லப்பட்ட கிளர்ச்சித் தலைவர்களுக்காக. தரை முழுக்கக் கருங்கல், செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்கள்.

சதுக்கத்தை ஒட்டிய உணவகங்களில் விலை அதிகம். இரண்டு தெரு தள்ளிச் சாப்பிடுங்கள். மீந்த கொருனாவை (செக் பணம்) தெருவில் உள்ள நாணய மாற்றுக் கடையில் மாற்றி ஏமாந்தால், ரசீதுடன் 3 மணி நேரத்துக்குள் போய் ரத்து செய்யலாம். 1,000 யூரோ மதிப்பு வரை அங்கே சட்டம் அனுமதிக்கிறது. வரி திரும்பப் பெறும் பொருள் வாங்கியிருந்தால், பெட்டியைச் செக்-இன் செய்யும் முன் சுங்க முத்திரை வாங்க வேண்டும். அந்த வரிசைக்கும் சேர்த்து 5 மணிக்கே கிளம்புங்கள்.