வில்லைத் துப்பாக்கியாக்கினால் போதுமா?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர், ஒன்றரை வருடமாக, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பை ஆடிக்கொண்டிருக்கிறோம். நான்தான் டிஎம், கதையை நடத்துபவன். அடுத்த கதையை விண்வெளியில் வைக்க ஆசை. கடனில் வாங்கிய ஓட்டைச் சரக்குக் கப்பல், நாலைந்து மாலுமிகள், வயிற்றுப்பாட்டுக்குக் கொஞ்சம் கடத்தல். புது விதிப்புத்தகம் என்றாலே நண்பர்கள் ஓடுகிறார்கள். வில்லைத் துப்பாக்கியாகவும் மந்திரத்தைக் கருவியாகவும் பெயர் மாற்றி, இருக்கிற விதிகளிலேயே ஓட்டிவிடலாமா?

ஓட்டலாம். ஆனால் வில்லும் துப்பாக்கியும் உங்கள் தலைவலி இல்லை. தலைவலி எங்கே வரும் என்பதை உங்கள் கேள்வி இன்னும் தொடவில்லை.

சுலபமானதை முதலில் முடித்துவிடுகிறேன். இருபது முகப் பகடையை உருட்டு, திறனைக் கூட்டு, 15 மாதிரி ஒரு இலக்கைத் தொட்டால் வெற்றி என்கிற அடிப்படைக்கு ஊரும் தெரியாது, காலமும் தெரியாது. கோட்டைச் சுவரில் ஏறுவதும் கப்பலைத் துறையில் சேர்ப்பதும் அதற்கு ஒன்றுதான். ஆறு திறன்கள், அட்வான்டேஜ், அதாவது சாதகமான நிலை, இருந்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது எல்லாம் அப்படியே கூட வரும். ஓர்க் என்ற அரக்கர் கூட்டத்தின் எண்களை எடுத்து விண்வெளிக் கொள்ளையர் என்று பெயர் வைத்தால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. நான் பலமுறை செய்திருக்கிறேன்.

இப்போது துப்பாக்கி. 2014-இல் வந்த டிஎம் கையேட்டிலேயே லேசர் பிஸ்டல் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. மூன்று அறுமுகப் பகடை சேதம், அதாவது சராசரி பத்தரை. எதிரே பத்தாம் லெவல் ஃபைட்டர், அதாவது போர்வீரன், உடல்வலு என்ற திறன் 14 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரிக் கணக்கில் அவருக்கு 84 ஹிட் பாயிண்ட், அதாவது விழும்வரை தாங்கும் சேதம். ஒரு குண்டும் குறி தவறாமல் நெஞ்சிலேயே பட்டாலும் எட்டுக் குண்டு வேண்டும். சரக்குக் கிடங்கில் சுங்க அதிகாரி துப்பாக்கியை நீட்டி "நில்" என்கிறார். உங்கள் நண்பர் தன் பாத்திரத்தின் எண்கள் எழுதிய கேரக்டர் ஷீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நடந்து போய் அதைப் பிடுங்குகிறேன்" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் இருக்கும் தாள் அப்படித்தான் சொல்கிறது. டிராகனின் நெருப்பில் நின்று திரும்பி வரும் வீரனுக்காக எழுதிய கணக்கு அது. உங்கள் கதைக்கோ, நீட்டிய துப்பாக்கி முன்னால் பேச்சு தொடங்க வேண்டும்.

இந்தச் சிக்கல் உங்களுக்கு முன்பே பலருக்கு வந்திருக்கிறது. 2000-இல் மூன்றாம் பதிப்பின் அடிப்படை விதிகளைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டதும், இருபது முகப் பகடையை வைத்து எல்லாவற்றையும் ஆடிப் பார்க்கும் ஒரு அலை கிளம்பியது. விண்வெளி, மேற்கத்தியக் கௌபாய், இன்றைய நகரம் என்று ஒன்றையும் விடவில்லை. 2002-இல் வந்த டி20 மாடர்ன் இன்றைய உலகத்துக்காக எழுதியது. அதில் செய்த ஒரு சின்ன மாற்றம் எனக்கு மிகவும் பிடிக்கும். மூலத்தில், ஒரே அடியில் 50 சேதம் வாங்கினால்தான் உயிருக்கே ஆபத்தான சோதனை. மாடர்னில் அந்த 50-ஐ எடுத்துவிட்டு அவரவர் உடல்வலு எண்ணை வைத்தார்கள். ஒரே ஒரு எண்ணை மாற்றியதும் துப்பாக்கிக்குப் பல் முளைத்தது.

உங்கள் மேசைக்கும் இதையே சொல்வேன். ஒரே அடியில் விழும் சேதம் உடல்வலு எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ, உடல்வலுச் சோதனை, இலக்கு 15. தவறினால் நேராக பூஜ்யம் ஹிட் பாயிண்ட், ஆள் தரையில். உடல்வலு 14 உள்ளவர்மேல் லேசர் பட்டால் ஏறக்குறைய ஆறில் ஒரு முறை இந்தச் சோதனை வரும். பகடைப் பிரியர்களுக்காக: 216-க்கு 35. கேட்கச் சின்ன எண்ணிக்கைதான், ஆனால் உங்கள் நண்பர் நடந்து போய்ப் பிடுங்குவதற்குமுன் யோசிப்பார். இன்னொரு வழியும் உண்டு. மூன்றாம் பதிப்புக் காலத்தில் சிலர் ஆறாம் லெவலோடு வளர்ச்சியை நிறுத்திவிட்டு, அதற்கப்புறம் ஃபீட் எனும் சிறப்புத் திறமைகளை மட்டும் கொடுத்து ஆடினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் லெவல் ஏறுவது பிடித்த கூட்டத்திடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கும். அதனால் முதல் வழியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தூக்கம். ஐந்தாம் பதிப்பில் எட்டு மணி நேரம் படுத்து எழுந்தால் எல்லா ஹிட் பாயிண்ட்டும் திரும்பிவிடும். காயத்துக்கு ஆஸ்பத்திரிச் செலவே கிடையாது. பணம் இல்லாத மாலுமிகளின் கதையில் காயம்தான் முதல் செலவாக இருக்க வேண்டும். இதற்கும் அதே கையேட்டில் ஒரு மாற்று விதி உண்டு: குறு ஓய்வு எட்டு மணி நேரம், எல்லா ஹிட் பாயிண்ட்டும் திரும்பும் நெடு ஓய்வு ஏழு நாள். உங்கள் கப்பல் ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு வாரம் ஆகும் என்று வைத்துவிட்டால், ஒரு பயணம் ஒரு நெடு ஓய்வு. கரையில் இறங்கியபின் அடுத்த பயணம்வரை கையில் இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

அந்த ஒரு வாரத்தை டிராவலர் என்ற ஆட்டத்திலிருந்து எடுத்தேன். 1977-இல் வந்தது. நீங்கள் கேட்கும் கதையை ஏறக்குறைய அரை நூற்றாண்டாக ஓட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பழைய பதிப்பில் ஒரு சாதாரண வணிகக் கப்பலின் கணக்கைப் பாருங்கள். விலை 3 கோடியே 70 லட்சத்து 80 ஆயிரம் கிரெடிட். ஐந்தில் ஒரு பங்கு கையில் கொடுத்துவிட்டு, மாதாமாதம் விலையில் 240-இல் ஒரு பங்கை 480 மாதம் கட்ட வேண்டும். நாற்பது வருடம்! மாதத் தவணை 1,54,500. சரக்குக் கூடம் 82 டன், டன்னுக்கு வாடகை ஆயிரம். இடம் மிச்சமில்லாமல் ஏற்றினால் ஒரு நடைக்கு 82,000, மாதத்துக்கு இரண்டு நடை, ஆக 1,64,000. தவணை போக மிச்சம் 9,500. அதில் எரிபொருள், சம்பளம், துறைமுகக் கட்டணம், வருடாந்திரப் பராமரிப்பு. பயணிகள் ஏறினால் பிழைத்தீர்கள். அறை காலியாக இருந்தால்? துறைமுகத்துச் சாராயக் கடையில் ஒருவர் வந்து, "ஒரு சின்னப் பெட்டி, திறந்து பார்க்கக் கூடாது, ஐம்பதாயிரம்" என்பார். மேசையில் ஒருவரும் மறுக்க மாட்டார்கள்.

கடத்தலைப் பற்றி நான் இங்கே ஒரு விதிகூடச் சொல்லவில்லை, கவனியுங்கள். தவணை விதியே அவர்களைக் கடத்தலுக்குத் தள்ளிவிடுகிறது. ஐந்தாம் பதிப்பில் இப்படித் தள்ளுவது அனுபவப் புள்ளிதான், அது முக்கியமாக எதிரியை வீழ்த்தினால் வருகிறது. அதை அப்படியே வைத்துக்கொண்டால், நீங்கள் எவ்வளவு அழகாகக் கப்பலை வர்ணித்தாலும் மூன்றாவது செஷனில் எல்லோரும் யாரைச் சுடலாம் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். எதிரிக்குப் புள்ளி தருவதை அடியோடு நிறுத்துங்கள். மூன்று தவணை தாமதமில்லாமல் கட்டினால் ஒரு லெவல். தாமதமானால் லெவல் இல்லை, அதோடு வங்கிக்காரன் ஆள் அனுப்புவான். இந்தத் தவணைக் கணக்கை ஒரு தாளில் எழுதி மேசை நடுவில் வையுங்கள், எல்லோர் கண்ணிலும் படட்டும்.

மந்திரத்தைக் கருவியாக்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் நானே சூடுபட்டவன். ஒருமுறை இதே விதிகளில் ஒரு கொலைத் துப்பறியும் கதை ஓட்டினேன். இரண்டு வாரம் உட்கார்ந்து தடயங்கள், பொய்ச் சாட்சிகள், ஒரு போலி உயில் என்று தயார் செய்திருந்தேன். ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம்கூட ஆகவில்லை, கிளெரிக் என்ற பூசாரிப் பாத்திரத்தை ஆடியவர் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, அந்த வட்டத்துக்குள் பொய் சொல்ல முடியாதபடி செய்யும் மந்திரத்தைப் போட்டார். மூன்றாம் லெவலிலேயே கிடைக்கிற சமாசாரம் அது. பதில் சொல்லாமல் மௌனம் காக்கலாம் என்று விதி இடம் தருகிறது. ஆனால் பத்துப் பேரில் ஒருவர் மட்டும் வாயைத் திறக்காவிட்டால் வேறென்ன தெரிய வேண்டும்? போலி உயில் இன்றுவரை கோப்பில் இருக்கிறது.

அதனால் மந்திரப் பட்டியலுக்குப் பெயர் மாற்றுவதற்குமுன், உங்கள் உலகத்தில் எது கஷ்டம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தண்ணீர், காற்று, தூரம், தகவல். அப்புறம் பட்டியலை எடுத்து, இவற்றில் ஒன்றைச் சொடுக்குப் போடும் நேரத்தில் தீர்த்துவைக்கும் மந்திரங்களை அடித்துவிடுங்கள். முதல் நிலை மந்திரம் ஒன்று 10 காலன், கிட்டத்தட்ட 38 லிட்டர் தண்ணீரை வரவழைக்கும். தொட்டி ஓட்டையான கப்பலின் கதை அத்தோடு முடிந்தது. இன்னொன்று எவ்வளவு தூரத்துக்கும் 25 சொல் செய்தி அனுப்பும். இதை மட்டும் யோசித்து முடிவெடுங்கள். வைத்துக்கொண்டால் நட்சத்திரங்களுக்கிடையே தந்தி இருக்கிற உலகம். எடுத்துவிட்டால், செய்தியையும் கப்பல்தான் சுமக்க வேண்டும், நீங்கள் செய்த தப்பு உங்களுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் வந்து சேரும். கடத்தல்காரர்களுக்கு இரண்டாவதுதான் தோது.

விதிகளை வேற்றுலகுக்குக் கொண்டுபோவதில் எனக்குத் தெரிந்து மிக அழகாக நடந்தது கேயாசியம் நிறுவனத்தில். 1978-இல் ரூன்க்வெஸ்ட் வந்தது, வெண்கலக் காலத்துப் புராண உலகம். அதன் எலும்புக்கூட்டை உருவி 1980-இல் 16 பக்கத்தில் ஒரு சிறு புத்தகமாகப் போட்டார்கள். நூறு முகப் பகடை, திறன் எண்ணுக்குள் விழுந்தால் வெற்றி, அவ்வளவுதான். அடுத்த வருடமே சாண்டி பீட்டர்சன் அதே எலும்பின்மேல் கால் ஆஃப் கதுல்ஹூவைக் கட்டினார், 1920-களின் திகில். அவர் புதிதாகச் சேர்த்ததில் முக்கியமானது ஒரே ஒரு எண்: மனநிலை. பார்க்கக் கூடாததைப் பார்த்தால் அது குறையும். இன்னும் நுட்பம் ஒன்று உண்டு. மனநிலையின் உச்சவரம்பு 99, அதிலிருந்து நீங்கள் அறிந்துகொண்ட ரகசிய ஞானத்தைக் கழிக்க வேண்டும். தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள, தெளிந்த மனதுக்கு இடம் சுருங்கிக்கொண்டே போகும். ரூன்க்வெஸ்டின் வாளும் கவசமும் எப்படிப் போனால் என்ன, இந்த ஒரு கழித்தல்தான் அந்த ஆட்டம்.

எல்லா உலகுக்கும் பொது என்று சொல்லியே பிறந்த விதிகளும் உண்டு. 1986-இன் கர்ப்ஸ் எல்லாவற்றையும் எண்ணும், உங்கள் நண்பர்கள் ஏற்கெனவே ஓடுகிறார்கள், இதைக் காட்டினால் திரும்ப வரமாட்டார்கள். 2003-இன் சேவேஜ் வேர்ல்ட்ஸ் சின்னது, வேகமானது. ஒவ்வொரு உலகுக்கும் நாலைந்து தனி விதிகளைச் சேர்த்துக்கொள்வதே அதன் பாணி. நான் மேலே சொன்ன வைத்தியமும் கிட்டத்தட்ட அதுதான். அப்போகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆட்டத்தின் வழிவந்தவை வேறு ஜாதி. இரண்டு பகடை, 10-ஓ அதற்கு மேலோ வந்தால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்து வெற்றி என்பது மட்டும் பொது. மற்றதை ஒவ்வொரு உலகுக்கும் புதிதாகவே எழுதுகிறார்கள். அதை மறுபயன்பாடு என்று சொல்லவே எனக்குத் தயக்கம்.

நண்பர்கள் புதுப் புத்தகத்துக்குப் பயப்படுவது பற்றி ஒன்று. அவர்கள் படித்த முதல் விதிப்புத்தகம் 320 பக்கம். எல்லா ஆட்டமும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்கள், பாவம். டிராவலரில் ஆடுபவர் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு அறுமுகப் பகடை, கூடவே திறன், 8-ஐத் தொட்டால் சரி. ஆறுமுகம் எட்டு என்றால் முருகனுக்கே குழப்பம் வரலாம், மனிதர்களுக்கு வராது. புத்தகத்தை நீங்கள் ஒருவர் படித்தால் போதும்.

உங்கள் மாற்றங்களை ஒழுங்காக எழுதி நாளை இணையத்தில் விற்க ஆசை வந்தால், ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 5.1 ஜனவரி 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம். வீட்டுக்குள் ஆடுவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

முழுக் கதையையும் எழுதி முடித்துவிட்டுத் தொடங்காதீர்கள். ஒரு சனிக்கிழமை மூன்று மணி நேரம் போதும். கப்பல் துறையில் நிற்கிறது, தவணைக்கு நாலு நாள் இருக்கிறது, கூடத்தில் பாதிதான் சரக்கு. ஒரு சுங்க அதிகாரி, ஒரு பெட்டி, ஒரு துப்பாக்கி. நீங்கள் வாயைத் திறக்காமல், நண்பர்கள் எந்தத் தாளை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறார்கள் என்று மட்டும் எண்ணுங்கள். கணக்குத் தாள் என்றால் ஐந்தாம் பதிப்பிலேயே தொடருங்கள். கேரக்டர் ஷீட்டில் இருக்கும் தாக்குதல் பட்டியலையே புரட்டிக்கொண்டிருந்தால், அடுத்த சனிக்கிழமை அதே கப்பலை, அதே பெட்டியை டிராவலரில் ஓட்டுங்கள். கேரக்டர் உருவாக்கத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். பழைய பதிப்பு என்றால் உருவாக்கும்போதே கேரக்டர் செத்துப்போகலாம், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.