கடைசி வண்டி எத்தனை மணிக்கு? வாசகர் கேள்வி பதில்

பெரிய நகரத்துக்குள் அறை எடுக்கக் கட்டுப்படியாகவில்லை, பக்கத்து ஊரில் தங்கி ரயிலில் போய் வரலாமா என்பதுதான் இந்த இதழின் கேள்விகள். அறை வாடகையைப் பார்ப்பதற்கு முன்பு, இரவு அங்கே திரும்ப எந்த வண்டி இருக்கிறது என்று பார்க்கச் சொல்வதே எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை.

வர்ற மாசம் சென்னையில ஒரம்பரை வூட்டுக் கல்யாணமுங்க. நாங்க ஆறு பேரு, ரெண்டு ராத்திரி தங்கோணும். மண்டபத்துக்குப் பக்கத்துல ரூம் வாடகை கேட்டா தலை சுத்துது. அரக்கோணத்துலயோ தாம்பரத்துலயோ தங்கிக்கலாமுங்களா?
*வாசகி, பெருந்துறை*

மண்டபம் சென்னையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே பதில் அமையும். சென்னைப் புறநகர் ரயில் ஒரே பாதையில் ஓடுவதில்லை. மேற்குப் பாதை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் தொடங்கி பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணம் போகிறது. தெற்குப் பாதை கடற்கரை நிலையத்தில் தொடங்கி பூங்கா, எழும்பூர், மாம்பலம், கிண்டி, தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு போகிறது. ஈரோட்டில் நீங்கள் ஏறும் வண்டிகளில் பெரும்பாலானவை சேலம், ஜோலார்பேட்டை, காட்பாடி வழியாக மேற்குப் பாதையில்தான் சென்னைக்குள் நுழையும்.

மண்டபம் அண்ணா நகர், அம்பத்தூர், பெரம்பூர் பக்கம் என்றால் ஆவடி அல்லது திருவள்ளூர் சரி. சென்ட்ரலிலிருந்து ஆவடி சுமார் 20 கி.மீ., திருவள்ளூர் சுமார் 42 கி.மீ. அரக்கோணம் 69 கி.மீ. இருக்கிறது. எல்லா நிலையத்திலும் நின்று போகும் வண்டியில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். கல்யாணத்துக்குப் போய் வருகிறவர்களுக்கு அது தோதுப்படாது. நீங்கள் முன்பதிவு செய்யும் வண்டி எங்கெங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள். பெரம்பூரிலோ அரக்கோணத்திலோ நின்றால் அங்கேயே இறங்கி லோக்கல் பிடிக்கலாம். சென்ட்ரல் வரை போய், மூட்டை முடிச்சோடு அதே பாதையில் திரும்பி வருவது வீண் அலைச்சல்.

தி.நகர், கிண்டி, வடபழனி, குரோம்பேட்டை பக்கம் மண்டபம் என்றால் மேற்குப் பாதையை மறந்துவிடுங்கள். சென்ட்ரலில் இறங்கி, எதிரே இருக்கிற பூங்கா நிலையத்துக்கு நடந்து போய், தாம்பரம் வண்டி ஏறுங்கள். தாம்பரம் பெரிய சந்திப்பு. நிலையத்தைச் சுற்றியே லாட்ஜுகள் உண்டு, வண்டியும் அடிக்கடி வரும்.

கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் கணக்கில் விட்டுவிடுவது முகூர்த்த நேரத்தைத்தான். முகூர்த்தம் விடியற்காலை 4.30 முதல் 6 மணிக்குள் என்றால், வெளியூரில் தங்கி முதல் லோக்கலை நம்பி வர முடியாது. பட்டுச்சேலை, நகையோடு அந்த நேரத்தில் ஆறு பேருக்கு இரண்டு ஆட்டோ பிடித்தால் மிச்சம் பிடித்த பணம் அங்கேயே போய்விடும். வரவேற்பு முடிந்த இரவு மண்டபத்து அறையிலேயே தங்க முடியுமா என்று கல்யாண வீட்டாரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அடுத்த இரவுக்கு மட்டும் வெளியே அறை எடுங்கள்.

நகருக்குள் ஓர் அறை 2,400 ரூபாய், வெளியே 1,300 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அறைக்கு ஓர் இரவில் 2,200 ரூபாய் மிச்சம். லோக்கல் கட்டணம் மிகக் குறைவு, அது கணக்கையே அசைக்காது. கணக்கைக் கெடுப்பது கடைசி வண்டியைத் தவறவிட்டுப் பிடிக்கும் கால் டாக்சி. அதனால் இரவு 10 மணிக்குள் நடைமேடையில் இருப்பதுபோலத் திட்டமிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் லோக்கல் குறைவாக ஓடும். பராமரிப்புப் பணிக்காகச் சில வண்டிகளை நிறுத்துவதும் பெரும்பாலும் வார இறுதியில்தான்.

வெடியால அஞ்சு மணிக்கு வண்டி போய்ச் சேருது. அறை எடுத்தா முந்தின நாளைக்கும் சேத்து வாடகை கேக்கறாங்க. இதுக்கு என்ன வழி?
*வாசகர், கரூர்*

லாட்ஜுகளில் இரண்டு விதமான கணக்கு இருக்கிறது. ஒன்று, மதியம் 12 மணிக்கு நாள் மாறும் கணக்கு. இதில் காலை 5 மணிக்கு நீங்கள் உள்ளே போனால், 12 மணியோடு ஒரு நாள் முடிந்துவிடும். ஏழு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை. மற்றொன்று 24 மணி நேரக் கணக்கு. எத்தனை மணிக்கு நுழைந்தீர்களோ, மறுநாள் அதே மணி வரை உங்கள் அறை. ரயிலில் வருகிறவர்களுக்கு இதுதான் நல்லது. தொலைபேசியில் பேசும்போது "டுவென்டி ஃபோர் அவர்ஸா, பன்னிரண்டு மணிக் கணக்கா?" என்பதையே முதலில் கேளுங்கள்.

24 மணி நேரக் கணக்கிலும் விடியற்காலையில் அறை எடுக்காதீர்கள். அப்போது எடுத்தால் மறுநாள் விடியற்காலை 5 மணிக்கே காலி செய்ய வேண்டும், அல்லது இரண்டாம் நாள் வாடகை கொடுக்க வேண்டும். நிலையத்துக் காத்திருப்பு அறையில் குளித்து உடை மாற்றுங்கள். பையை நிலையத்துப் பொருள் பாதுகாப்பு அறையில் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். மாலை 7 மணிக்கு அறை எடுத்தால் இரவுத் தூக்கம், மறுநாள் குளியல், பகல் ஓய்வு எல்லாம் ஒரே வாடகைக்குள் வந்துவிடும். மாலை 7 மணிக்குக் காலி செய்து இரவு வண்டி ஏறலாம்.

பொருள் பாதுகாப்பு அறையில் பூட்டுப் போடாத பையை வாங்கமாட்டார்கள். பயணச்சீட்டும் காட்ட வேண்டும். தின்பண்டத்தை உள்ளே வைக்காதீர்கள், எலி பையைக் கடித்துவிடும். இந்த வசதி எல்லா நிலையத்திலும் கிடையாது. சிறிய நிலையத்தில் இறங்குகிறவர்கள் பெரிய சந்திப்பிலேயே பையை வைத்துவிட்டுப் போவது நல்லது.

லாட்ஜ் பதிவேட்டில் நுழைந்த நேரத்தை அவர்களே எழுதுவார்கள். கையெழுத்துப் போடும் முன் அந்த நேரம் சரியா என்று பாருங்கள். மறுநாள் வருகிற தகராறு பாதி அதில்தான் தொடங்குகிறது. அடையாள அட்டை தங்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டும். வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்றும், சொல்லும் வாடகை வரி சேர்த்தா என்றும் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். இன்னும் 12 சதவீதம் போட்டு ரசீது கொடுத்தால் கேள்வி கேளுங்கள்.

பொண்ணுக்கு பெங்களூருல இன்டர்வியூ. ஓசூருல தங்கிட்டுப் போலாம்னு சொல்றாங்க. சரி வருமுங்களா?
*வாசகர், ஈரோடு*

இன்டர்வியூ எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா பக்கம் என்றால் ஓசூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. ஓசூர் பேருந்து நிலையத்தில் ஏறினால் நெடுஞ்சாலையிலேயே இறங்கிக்கொள்ளலாம். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை மெட்ரோ மஞ்சள் பாதை திறந்த பிறகு நகரத்தின் நடுப்பகுதிக்குப் போவதும் எளிதாகிவிட்டது. பொம்மசந்திரா வரை பேருந்து, அங்கிருந்து மெட்ரோவில் ஆர்.வி. ரோடு, அங்கே பச்சைப் பாதைக்கு மாறி நகரின் நடுவிலுள்ள மெஜஸ்டிக். வழியில் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பேருந்துக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

ஒயிட்ஃபீல்டு பக்கம் என்றால் ஓசூர் வேண்டாம். ஈரோட்டிலிருந்து பெங்களூருக்கு இரண்டு ரயில் பாதைகள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று சேலம், தர்மபுரி, ஓசூர் வழி. கோவை–பெங்களூரு கன்டோன்மென்ட் வந்தே பாரத் இதில்தான் போகிறது, ஓசூரில் நிற்கிறது. மற்றொன்று திருப்பத்தூர், குப்பம், பங்காருப்பேட்டை, ஒயிட்ஃபீல்டு, கிருஷ்ணராஜபுரம் வழி. இரண்டாவது பாதையில் போகிற வண்டியில் சீட்டு எடுத்துவிட்டு ஓசூரில் அறை பதிவு செய்தால் இரண்டும் ஒட்டாது. ஒயிட்ஃபீல்டுக்குப் போகிறவர்கள் பங்காருப்பேட்டையில் தங்கலாம். காலையில் பெங்களூருக்கு மெமு (குறுந்தூர மின்ரயில்) வண்டிகள் உண்டு, தமிழ் பேசினாலும் காரியம் நடக்கும். ஒயிட்ஃபீல்டு ரயில் நிலையத்தை ஒட்டியே ஊதாப் பாதை மெட்ரோ நிலையம் இருக்கிறது.

இன்டர்வியூ அன்று மட்டும், எந்த வழியாக இருந்தாலும், ஒரு வண்டி முன்கூட்டியே ஏறச் சொல்லுங்கள்.

கோடை லீவுக்கு ஊட்டி போறோம். அங்க ரூம் விலை எட்டாத உயரத்துல இருக்குது. மேட்டுப்பாளையத்துல தங்கி ரெண்டு நாள் போய்வர முடியுமா?
*வாசகி, நாமக்கல்*

முடியும். ஆனால் இரண்டு நாளும் மலை ஏறி இறங்காதீர்கள். பேருந்தில் சாதாரண நாளிலேயே ஒரு வழிக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம். மே மாதத்தில் பர்லியாறு வழியில் வண்டி நகராமல் நின்றால் அதற்கும் மேல். பிள்ளைகளுக்கு வாந்தி வரும். ஒரு நாள் ஊட்டி, ஒரு நாள் குன்னூர் அல்லது கோத்தகிரி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குத் துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை வழியாகத் தினமும் பலமுறை பயணிகள் ரயில் ஓடுகிறது. முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். நாமக்கல்லிலிருந்து பேருந்தில் ஈரோடு வந்து, ரயிலில் கோவை, அங்கே மாறி மேட்டுப்பாளையம். மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

மலை ரயில் காலை 7.10க்குப் புறப்பட்டு, 46 கி.மீ. ஏறி, நண்பகல் வாக்கில் ஊட்டி சேரும். மதியம் 2 மணிக்கு அங்கிருந்து இறங்கும். அதாவது ரயிலிலேயே போய் ரயிலிலேயே திரும்பினால் ஊட்டியில் இரண்டு மணி நேரம்கூட முழுதாகக் கிடைக்காது. ஏறும்போது ரயில், இறங்கும்போது பேருந்து என்று வையுங்கள். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு திறக்கும். கோடை விடுமுறைக்கு அந்த நாள் காலையிலேயே எடுத்தால்தான் உண்டு. கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். பேருந்தில் குன்னூர் போய், அங்கிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் ஏறலாம். அந்தப் பகுதியில் ஒரு நாளைக்குப் பலமுறை வண்டி உண்டு, வெலிங்டன், கேத்தி, லவ்டேல் என்று பார்க்கவும் அழகு. பிள்ளைகளுக்கு ஒரு மணி நேர ரயில் போதும்.

மேட்டுப்பாளையத்தில் தங்குவதில் இன்னொரு லாபம். சொந்த வண்டியில் நீலகிரி போக 2024 மே 7 முதல் இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) கட்டாயம். 2025 சீசனில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு அந்த இ-பாஸ் தேவையில்லை.

கீழே வெயில் கொளுத்தும். மேட்டுப்பாளையம் மலையடிவாரம்தான், மலை அல்ல. மே மாதத்தில் ஏ.சி. இல்லாத அறை எடுத்தால் இரவு தூங்க முடியாது. அந்தச் செலவைச் சேர்த்துப் பாருங்கள். ஊட்டியிலிருந்து மாலை 4 மணிக்கெல்லாம் பேருந்தில் ஏறிவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகிறவர்களுக்கு வேறு எச்சரிக்கை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்து மலை ரயிலை நிறுத்துவது அந்த மாதங்களில்தான்.

ரயில் நிலையத்திலேயே தங்கும் அறை இருக்கிறதாமே? யாருக்குக் கொடுப்பார்கள்?
*வாசகர், உடுமலைப்பேட்டை*

இருக்கிறது, ஓய்வறை என்பார்கள். ஐ.ஆர்.சி.டி.சி. என்ற ரயில் முன்பதிவுத் தளத்தில் உங்கள் சீட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். சீட்டு உறுதியாகவோ ஆர்.ஏ.சி.யாகவோ (படுக்கை உறுதியாகாமல் உட்கார இடம் மட்டும் கிடைத்த சீட்டு) இருக்க வேண்டும், காத்திருப்புப் பட்டியலுக்குக் கிடையாது. சீட்டில் இருக்கிற புறப்படும் நிலையத்திலோ சேரும் நிலையத்திலோ மட்டும்தான் எடுக்க முடியும், நடுவழி நிலையத்தில் முடியாது. அதிகபட்சம் 48 மணி நேரம். 2024 ஜூலை முதல் இதற்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. பல நிலையங்களில் பொதுப்படுக்கைக் கூடம் ஆண்களுக்கு மட்டுமே இருக்கும். குடும்பத்தோடு போகிறவர்கள் தனி அறையா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். அறைகள் குறைவு, சீட்டு உறுதியான அன்றே எடுத்துவிடுவது நல்லது. வண்டிச் சத்தம் இரவெல்லாம் கேட்கும்.

கொடிசியா கண்காட்சிக்கு மூணு நாள் வரோணும். அந்தச் சமயத்துல கோயமுத்தூருல அறையே கிடைக்கறதில்ல. போத்தனூருல தங்கலாமா?
*வாசகர், சேலம்*

வேண்டாம். கொடிசியா வளாகம் அவிநாசி சாலையை ஒட்டி இருக்கிறது, போத்தனூர் ஊரின் மறுகோடி. திருப்பூரில் தங்குங்கள். திருப்பூர்–கோவைப் பேருந்துகள் அவிநாசி சாலையில்தான் வருகின்றன, கோவைக்குள் நுழையாமலே இறங்கிக்கொள்ளலாம். ரயிலில் வந்தால் பீளமேட்டில் நிற்கும் வண்டியாகப் பாருங்கள். கண்காட்சி இல்லாத நாட்களில் இந்த அலைச்சலே தேவையில்லை. கோவை சந்திப்புக்கு எதிரே கீதா ஹால் சாலையிலேயே நடுத்தர வாடகை லாட்ஜுகள் வரிசையாக இருக்கின்றன.

அம்மாவுக்குச் சென்னையில் ஆபரேஷன். பத்து நாளாவது ஆகும் என்கிறார்கள். வெளியே தங்கினால் மிச்சமாகுமா?
*வாசகி, கோபிசெட்டிபாளையம்*

ஆபரேஷன் முடிந்த பிறகு அம்மாவை வைத்துக்கொண்டு வெளியே தங்காதீர்கள். தையல் பிரிக்காத உடம்போடு லோக்கல் ரயில் படி ஏறுவது ஆகாத காரியம். இரவில் காய்ச்சல் வந்தால் மருத்துவமனை பத்து நிமிடத்தில் எட்ட வேண்டும்.

செலவைக் காலத்தைப் பொறுத்துப் பிரியுங்கள். ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனை நாட்களில் ஆவடியிலோ தாம்பரத்திலோ தங்கலாம். அம்மா உள்ளே படுத்திருக்கும் நாட்களில் ஒருவருக்கு மேல் தங்கவிடமாட்டார்கள், மற்றவர்கள் ஊருக்குத் திரும்பலாம். வீட்டுக்கு அனுப்பிய பிறகு, மறுபரிசோதனை வரையுள்ள நாட்களுக்கு மட்டும் மருத்துவமனை அருகில் சமையலறையோடு வாரக் கணக்கில் அறை எடுங்கள். கஞ்சி, ரசம் வைத்துக்கொள்ள முடிந்தால் சாப்பாட்டுச் செலவு பாதியாகும். உடனிருப்போர் விடுதியோ, அறக்கட்டளைச் சத்திரமோ பக்கத்தில் இருக்கிறதா என்று மருத்துவமனை வரவேற்பில் கேளுங்கள். நோயாளியின் பதிவு எண்ணும் மருத்துவர் சீட்டும் கையில் இருக்கட்டும், அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மாடி அறை எடுக்காதீர்கள். மேற்கத்திய கழிப்பறைதானா என்பதை நேரில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.