காதில் இரைச்சல், அம்மாவைப் பார்க்கப் போகலாமா?

கேள்வி: எனக்கு 56 வயது. தனியாக வசிக்கிறேன். கொரோனா வந்ததிலிருந்து ஒலிப்புத்தகங்கள்தான் துணை. தினமும் ஆறேழு மணி நேரம் இயர்போனில் கேட்கிறேன். இரவில் கேட்டபடியே தூங்கியும் போகிறேன். இரண்டு வாரமாக வலது காதில் அரிப்பு, அவ்வப்போது ‘ங்ஙொய்’ என்று ஓர் இரைச்சல். இப்படி மூழ்கிக் கிடப்பது மனநலக் கோளாறா? இன்னொன்று: 82 வயதான என் அம்மா, தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். பஸ்ஸில் ஐந்து மணி நேரப் பயணம். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, காதும் மந்தம். எல்லாரும் தடுப்பூசி போட்டிருக்கிறோம். பார்த்து ஒரு வருடம் ஆகிறது. போகலாமா?

பதில்: போகலாம். எப்படிப் போவது, போன இடத்தில் எப்படி உட்கார்ந்து பேசுவது என்பதைத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதற்கு முன் உங்கள் காதைக் கவனிப்போம்.

காதுக்குள் செருகும் இயர்போன் மணிக்கணக்கில் இருந்தால் உள்ளே வியர்வை தேங்கும், அழுக்கு உள்ளே தள்ளப்படும், தோல் ஊறிப்போகும். அரிப்புக்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். பட்ஸ், ஹேர்பின், எண்ணெய் எதுவும் வேண்டாம். இரைச்சலும் சேர்ந்து ஒரே காதில் இருப்பதால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அழுக்கு அடைத்திருந்தாலே இப்படி இரையும், எடுத்தால் சரியாகிவிடும். ஆனால் ஒரு காது திடீரென்று மந்தமானால் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று விடாதீர்கள். அதற்கு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

சத்தத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபெல் அளவில் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி. உங்களுடையது வாரத்துக்கு 42 மணியைத் தாண்டுகிறது. அமைதியான அறையில் ஒருவர் வாசிப்பதைக் கேட்க 80 டெசிபெல் தேவையே இல்லை என்பதால் பயப்பட வேண்டாம். மிக்ஸி ஓடும்போதும், பஸ்ஸில் போகும்போதும் நம்மை அறியாமல் சத்தத்தைக் கூட்டுகிறோமே, அங்கேதான் காது அடி வாங்குகிறது. இரவில் இயர்போனைக் கழற்றிவிட்டு, போனைத் தலைமாட்டில் வைத்து ஸ்பீக்கரில் கேளுங்கள். பெரும்பாலான செயலிகளில் தானாக நிற்கும் டைமர் இருக்கிறது. 20 நிமிடம் வையுங்கள்.

மனநலக் கோளாறா என்று கேட்டதற்கு: இல்லை. காதால் கேட்பது சோம்பேறி வாசிப்பு என்ற குற்ற உணர்வும் வேண்டாம். ஒரே கதையைப் படிக்கும்போதும் கேட்கும்போதும் சொற்களின் பொருளை மூளை ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் கையாளுகிறது என்று கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறு. தோழி போன் செய்தால் புத்தகத்தை நிறுத்திவிட்டுப் பேசுகிறீர்களா, இல்லை அழைப்பைத் துண்டித்துவிட்டுக் கேட்கிறீர்களா? இரண்டாவது என்றால், அதோடு தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் போனால், மருத்துவரிடம் பேசுங்கள்.

சரி, பயணத்துக்கு வருவோம். ‘எனக்குக் காய்ச்சல் இல்லையே’ என்பது சான்றிதழ் ஆகாது. கொரோனா வந்தவர் அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே பரப்புவார். அதனால் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஒன்று, கிளம்பும் அன்று காலையில் ஒன்று என இரண்டு ரேபிட் டெஸ்ட் செய்யுங்கள். பஸ்ஸில் என்-95 முகக்கவசம் மூக்கை மூடி இறுக்கமாக இருக்கட்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து ஜன்னலைத் திறந்து வையுங்கள். பையையும் பெட்டியையும் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, கை கழுவினால் போதும்.

பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று. பஸ்ஸில் தொற்றினால் அன்றைக்கே அது அடுத்தவருக்குப் போய்விடாது. பொதுவாக இரண்டு மூன்று நாளாவது ஆகும். போய் ஒருநாள் இருந்து திரும்புவதைவிட ஒரு வாரம் தங்குவதில்தான் இந்த ஆபத்து கூடுதல். தங்குவதாக இருந்தால் மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் மறுபடி டெஸ்ட் செய்யுங்கள். கிளம்பும் அன்று காலை தம்பிக்கும் ஒரு போன் போடுங்கள். ‘குழந்தைக்குச் சும்மா சாதாரண சளிதான்’ என்று அவர் சொன்னால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். அம்மாவுக்கு பூஸ்டர் பாக்கி இருந்தால், முன்கூட்டியே போட்டு இரண்டு வாரம் விட்டுப் போவது உத்தமம்.

போன இடத்தில் என்ன நடக்கும்? என் அனுபவத்தையே சொல்கிறேன். என் அப்பாவுக்கும் காது மந்தம். முகக்கவசத்தோடு பேசினேன், என் வாயசைவு தெரியாததால் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ‘என்னடா?’ என்று மூன்றாவது முறை கேட்டதும் கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, அவர் காதருகே குனிந்து கத்தினேன். சத்தம் கூடக்கூட வாயிலிருந்து வரும் நுண்துளிகளும் கூடும் என்பதைப் பத்து வருடமாக மற்றவர்களுக்குப் பாடம் சொல்பவன் நான்!

அதனால்தான் உங்கள் ஒலிப்புத்தகத்தை அம்மா வீட்டுக்கும் கொண்டுபோகச் சொல்கிறேன். மொட்டை மாடியிலோ, ஜன்னல் திறந்த அறையிலோ, ஒரு சின்ன ஸ்பீக்கரை அம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் ஒரே கதையைக் கேட்கலாம். கத்தவும் வேண்டாம், குனியவும் வேண்டாம். வயதில் வரும் காது மந்தத்தில் மேல் ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் போகும். எனவே கனத்த குரலில், நிதானமாக, பின்னணி இசை இல்லாமல் வாசிக்கும் புத்தகமாகத் தேர்ந்தெடுங்கள். வேகத்தைச் சற்றுக் குறைத்தும் வைக்கலாம். டிவியை அணைத்துவிடுங்கள். சாப்பாட்டை மட்டும் காற்றோட்டமான இடத்தில், இடைவெளி விட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் கவசத்தைக் கழற்றிவிட்டுப் பேசுவது அப்போதுதான்.

திரும்பி வந்த பிறகும் இதைத் தொடரலாம். அவர் அங்கே, நீங்கள் இங்கே, ஒரே அத்தியாயம். இரவு போனில் அதைப் பற்றிப் பேச்சு. ‘லான்செட்’ என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2020 அறிக்கை, மறதி நோய்க்கு வழிவிடும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 12 காரணிகளில் காது கேளாமையையும் தனிமையையும் சேர்த்திருக்கிறது. அம்மாவுக்கு முதலாவது இருக்கிறது, தனியாக வசிக்கும் உங்களுக்கு இரண்டாவது. காதுக் கருவி இல்லையென்றால் இந்தப் பயணத்திலேயே செவித்திறன் பரிசோதனைக்குத் தம்பியிடம் சொல்லிவைத்து வாருங்கள். அலமாரியில் சும்மா கிடக்கிறது என்றால் புது பேட்டரி வாங்கிப் போங்கள்.

அப்புறம், நீங்கள் வந்த பிறகு அம்மாவுக்குச் சளியோ காய்ச்சலோ வந்தால் அன்றே டெஸ்ட். அவர் வயதுக்கும் சர்க்கரைக்கும் தரப்படும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளை முதல் ஐந்து நாட்களுக்குள் தொடங்க வேண்டும். எந்த மருத்துவரைக் கூப்பிடுவது என்று தம்பியிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.