கல்லாவில் சொன்ன பொய்

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். தினமும் காலையில் அரை மணி நேரம் ஆனாபானசதி (மூச்சைக் கவனிக்கும் தியானம்) செய்கிறேன். உட்கார்ந்ததும் முதல் நாள் கடைப்பேச்செல்லாம் மண்டைக்குள் ஓடுகிறது. வேறு நல்ல தியான முறை உண்டா? சின்னச் சின்னப் பொய் இல்லாமல் வியாபாரம் செய்ய முடியவில்லை என்பது வேறு. பட்டு விற்பது பாவமா?
— வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: அது "வேறு" இல்லை ஐயா, அதுதான் விஷயமே.

சீலத்தால், அதாவது ஒழுக்கத்தால், என்ன பயன் என்று சீடர் ஆனந்தர் கேட்டதற்கு, மன உறுத்தல் இல்லாதிருப்பது என்றார் புத்தர். அதிலிருந்து மகிழ்ச்சி, பிறகு உடலின் அமைதி, சுகம். அதன் பின்னர்தான் சமாதி, மனம் ஒருமுகப்படுவது. நீங்கள் நேராகக் கடைசிப் படியில் கால் வைக்கிறீர்கள். மண்டைக்குள் ஓடும் அந்தப் பேச்சை தியானத்தைத் தடுக்கும் ஐந்து நீவரணங்களில் நான்காவதாக வைத்திருக்கிறார்கள்: உத்தச்ச குக்குச்சம், அலைச்சலும் உறுத்தலும். அரை மணியை ஒரு மணியாக்கினால் உறுத்தலும் கூடவே ஒரு மணி நேரம் உட்காரும்.

பொய் முழுமையாக நான்கு அங்கம் வேண்டும் என்கின்றன பௌத்த உரைகள்: விஷயம் உண்மையில்லை, ஏமாற்றும் எண்ணம், அதற்கான முயற்சி, எதிராளி அதைப் புரிந்துகொள்வது. 120 ரிங்கிட்டுக்கு எடுத்த புடவையை "எனக்கே 180 விழுந்ததும்மா" என்கிறீர்களே, அதில் நான்கும் இருக்கின்றன. "கொள்முதல் விலையைச் சொல்வதில்லைங்க" என்பதில் ஒன்றும் இல்லை, தாராளமாகச் சொல்லுங்கள். கலப்பு நூலைப் பிடித்துக்கொண்டு "சுத்தப் பட்டா?" என்பவருக்குத் தலையை ஆட்டினாலும் பொய்தான். வாயே திறக்கவில்லை என்ற சமாதானம் செல்லாது.

மகன் ராகுலனுக்குப் புத்தர் சொன்ன முறை கடைக்கு அப்படியே பொருந்தும். சொல்லும் முன் பாருங்கள்: எனக்கோ அவருக்கோ இருவருக்குமோ இதனால் கேடு வருமா? பாதிப் பேச்சில் தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, "இல்லைங்க, இது கலப்பு" என்று திருத்துங்கள். முடிந்தபின் தெரிந்தால், ஆசிரியரிடமோ கூடப் பயில்பவரிடமோ வாய்விட்டுச் சொல்லி, இனி அடக்கமாக இருப்பது. பலர் கோட்டை விடுவது இந்த மூன்றாவதில். யாரிடமும் சொல்லாமல் உள்ளேயே குமைகிறார்கள். அது மறுபடி குக்குச்சம்.

சீலம் உடைந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம், அது பயிற்சி விதிதான். "முஸாவாதா வேரமணீ ஸிக்காபதம் ஸமாதியாமி" (பொய் பேசுவதிலிருந்து விலகும் பயிற்சியை ஏற்கிறேன்) என்று கடை திறக்கும்போது நீங்களே சொன்னால் போதும். பிக்குவிடம் எடுக்க விரும்பினால் ஜாலான் கம்பாரில் மகிந்தாராம விகாரை இருக்கிறது. ஒரே நாளில் ஐந்து சீலங்களையும் பிடித்துத் தொங்காமல், ஒரு மாதம் இந்த நான்காம் சீலத்தை மட்டும் கவனியுங்கள்.

தீபாவளி நெருக்கத்தில் விற்பனைப் பெண்ணைப் பொய் சொல்லவைத்துவிட்டு நீங்கள் கல்லாவில் மௌனமாக இருப்பதும் உதவாது. வேளுத்வார கிராமத்தாருக்குப் புத்தர் சொன்னது இது: தானும் விலகி, பிறரையும் விலகத் தூண்டி, விலகுவதைப் பாராட்டவும் வேண்டும்.

பட்டுக்கு வருவோம். உபாசகர், அதாவது இல்லறத்துப் பௌத்தர், செய்யக்கூடாத வாணிபம் ஐந்து: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதைப்பொருள், நஞ்சு. பட்டு அதில் இல்லை. பட்டு கலந்த விரிப்பு செய்யப் பிக்குகளுக்குத் தடை வந்தது, அவர்களுக்காகவும் உயிர்களைக் கொல்ல வேண்டியிருக்கிறதே என்று பட்டுத் தொழிலாளர்கள் குறைப்பட்டதால். பட்டுச் சீவரத்துக்கோ (பிக்குவின் ஆடை) அனுமதி உண்டு! புழுவை நினைத்து மனம் ஒப்பவில்லை என்றால் பருத்தியைக் கூடுதலாக அடுக்குங்கள்.