மறு: 14 வயது மகள் கையைக் கீறுறாள், என்ன செய்ய?

அக்கா, பிளேட் கீறலை மறைக்க வெக்கைக்குள்ளயும் முழுக்கைச் சட்டை போடுறாள், ஊர் அறிஞ்சால் நாளைக்குக் கலியாணப் பேச்சுக் கெட்டிடும் எண்டு பயப்பிடுறீங்கள். ஊரைப் பிறகு பாப்பம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில மனநலப் பிரிவு இருக்கு, தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலயும் இருக்கு. காசு கட்டத் தேவையில்லை. போன உடன குளிசைதான் எண்டில்லை, இந்த வயசில கதைக்கிறதே பெரும்பாலும் முதல் வைத்தியம். அவள் தனியக் கதைக்கட்டும், நீங்கள் வெளிய இருங்கோ.

பிளேட், குளிசை, முக்கியமாப் பூச்சிமருந்து, இண்டைக்கே பூட்டி வையுங்கோ. ஏசாதேங்கோ. "சாக யோசிக்கிறியா பிள்ளை?" எண்டு நேராக் கேளுங்கோ, கேக்கிறதால அந்த எண்ணம் வராது. ஓமெண்டால் கிளினிக் நாள் பாக்காமல் உடன அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. இரவில கதைக்க ஆள் வேணுமெண்டால் 1926க்கு எடுங்கோ, அது இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம்.