வடிகட்டிய எண்ணெய் பயோடீசல் ஆகாது

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறேன். பழைய டீசல் டெம்போ ஒன்று வைத்திருக்கிறேன், புகைச் சோதனையில் தேறவில்லை. பொரித்த எண்ணெயை வாங்கிப்போகும் ஏஜெண்ட், மிஞ்சிய சோறு, காய்கறிக் கழிவையும் சேர்த்துக் கொடுத்தால் பயோடீசலாக்கித் தருகிறேன், பாதிக்குப் பாதி ஊற்றினால் புகையே வராது என்கிறார். நம்பலாமா? வண்டி மூணாறுக்கும் போகும்.

பதில்: நம்ப வேண்டாம். சோற்றிலும் காய்கறித் தோலிலும் கிடைப்பது அடுப்பெரிக்கிற கேஸ். பயோடீசலுக்கு வேண்டியது கொழுப்பு. இரண்டையும் ஒன்றாகக் கேட்கிறவருக்கு வேலை தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

பொரித்த எண்ணெயை மெத்தனாலும் காஸ்டிக்கும் சேர்த்து வினைப்படுத்தி, கிளிசரினைப் பிரித்து, கழுவி, ஈரம் போக்கினால்தான் பயோடீசல். இதை வீட்டில் முயலாதீர்கள். மெத்தனால் கண்ணையும் உயிரையும் பறிக்கும். நம் பக்கத்தில் பல ஏஜெண்டுகள் செய்வது துணியில் வடிகட்டுவது மட்டும். அந்த எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்குக் குறையாமல் கெட்டி. முதல் வாரம் வண்டி நன்றாகத்தான் ஓடும். அப்புறம் டீசலைப் பீய்ச்சும் நாசிலில் கரி படியும், பிஸ்டன் ரிங் ஒட்டும், இன்ஜின் ஆயில் கூழாகும். அன்றைக்கு ஏஜெண்ட் போனை எடுக்க மாட்டார்.

ஒரே புனலில் டீசலையும் அவர் தருவதையும் அதே அளவு ஊற்றிப் பாருங்கள். அவருடையது இறங்க வெகுநேரம் எடுத்தால் அது எண்ணெய்தான். மண்ணெண்ணெய் கலந்து நீர்க்க வைத்திருந்தால் இந்தச் சோதனையில் பிடிபடாது. அதனால் பயோடீசலுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 15607, அதற்கான ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள். கேட்டதும் பேச்சை மாற்றுகிறவரிடம் வாங்காதீர்கள்.

சரி, நல்ல பயோடீசல் கிடைத்தால் புகை குறையுமா? குறையும். ஆனால் 20 சதவீதக் கலவையில் புகைத்துகள் சுமார் 10 சதவீதம்தான் குறைகிறது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 2002 ஆய்வு. நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு சற்றுக் கூடும், அதை நம் சோதனை மையம் அளப்பதே இல்லை. பாரத் ஸ்டேஜ் 4 என்ற மாசு விதிக்கு முந்தைய வண்டிக்கு, புகையின் அடர்த்தியைக் காட்டும் ஹார்ட்ரிட்ஜ் அளவு 65-ஐத் தாண்டக் கூடாது. நீங்கள் 80-இல் நின்றால் பயோடீசல் மட்டும் காப்பாற்றாது. ஏர் ஃபில்டரை மாற்றி, நாசிலைச் சோதித்து, பம்பைச் சரிபாருங்கள். பழைய ரப்பர் ஓஸ்களையும் மாற்றிவிட்டு, அதன் பிறகு 20 சதவீதத்துக்கு மேல் போகாமல் கலக்கலாம்.

மூணாறு விஷயத்தை விளக்கியே ஆக வேண்டும். ஹோட்டல் எண்ணெயில் பெரும்பாலும் பாமாயில். அதிலிருந்து வரும் பயோடீசல் 15 டிகிரிக்குப் பக்கத்திலேயே மங்கி, மெழுகு கட்டத் தொடங்கும். பாலக்காட்டுச் சமவெளியில் இது தெரியாது. டிசம்பர், ஜனவரியில் மூணாறில் இரவெல்லாம் வண்டியை நிறுத்தினால் காலையில் ஃபில்டர் அடைத்துக்கொண்டு ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். சுத்தத் தேங்காய் எண்ணெயிலிருந்து எடுத்தது அவ்வளவு சீக்கிரம் உறையாது. ஆனால் உங்களுக்கு வருவது எந்த எண்ணெயிலிருந்து என்று யார் சொல்வார்? ஆகவே மலைக்குப் போகும் வாரம் வெறும் டீசலே போடுங்கள், பாதி டாங்க் கலவை இருந்தால் அதை முதலில் சமவெளியில் ஓட்டித் தீர்த்துவிடுங்கள்.

உங்கள் எண்ணெய் எங்கே போகிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. மொத்த போலார் சேர்மம், அதாவது பொரிக்கப் பொரிக்க எண்ணெயில் சேரும் கெட்டுப்போன பொருள், 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து விதி. ஆனால் கணக்கு எழுதி வைக்கும் கட்டாயம் நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பவர்களுக்கே. கல்யாணச் சமையல்காரர்கள் பலர் அந்த வரம்புக்குள் வரவே மாட்டார்கள். வேலந்தாவளத்தில் தமிழக எல்லை தாண்டிய டின் திரும்பத் தள்ளுவண்டி பஜ்ஜிக் கடைக்குப் போனால், எந்த மாநிலம் கேட்பது? விதி போட்டவர்களே இந்த ஓட்டையை அடைத்திருக்க வேண்டும். நீங்கள், பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ரூக்கோ திட்டத்தில் பதிவான சேகரிப்பாளரிடம் மட்டும் கொடுங்கள், ஒவ்வொரு முறையும் அளவு எழுதிய ரசீது வாங்குங்கள். ஏஜெண்ட் லிட்டருக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுத்தாலும் ரசீது தராவிட்டால் விடுங்கள்.

கலவை போடத் தொடங்கியதும் டாங்கில் படிந்த பழைய அழுக்கு கரைந்து வரும். முதல் மாதத்திலேயே டீசல் ஃபில்டரை மாற்றுங்கள், ஒன்றை வண்டியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.